கயிறு இல்லாத நாலு உருப்படி

திண்டுக்கல் தாலுகா கச்சேரிக்கு எதிரே, சைக்கிள் கடைத் தகரச் சாய்ப்பின் கீழே டைப் மெஷினைப் போட்டு மனு எழுதிப் பிழைத்த மரியசெல்வத்துக்கு முன்கோபம் ஜாஸ்தி. மனு எழுதுகிறவனுக்குப் பொறுமைதானே முதல் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அது அவரிடம் கிடையாது. "ஏலே, ஒங்க சித்தப்பன் சண்டையெல்லாம் தாசில்தாருக்கு எதுக்குலே? நெலம் எங்க கெடக்கு, எவன் மறிக்கிறான், அதை மட்டும் சொல்லு" என்று எரிந்து விழுவார். அப்படியும் ஆட்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு, பிறகு தோல் ஷாப்பில் இருபது வருஷம் இங்கிலீஷ் கடுதாசி எழுதிய கை. மரியசெல்வம் அடித்த மனுவுக்குப் பதில் வராமல் போகாது என்று ஊருக்குள் ஒரு பேர்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள். முப்பது முப்பத்தொன்று வயதிருக்கும். பேர் மூக்காயி. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டி. கத்திரிக்காயும் வெங்காயமும் தானே பயிர் பண்ணி, திங்கட்கிழமை சந்தைக்குக் கொண்டுவந்து விற்றுப் போகிறவள். அன்றைக்குச் சரக்கு விற்றபிறகு பஸ்ஸுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறாள். ஈரச் சேலையின் முந்தியில் முடிந்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். மடித்த இடமெல்லாம் நைந்து, நாலு துண்டாகப் பிரியத் தயாராக இருந்தது அது.

மரியசெல்வம் படித்தார். நாற்பத்தைந்தாம் வருஷத்துக் கடுதாசி. கோவேறு கழுதை ஓட்டுகிறவர்களுக்கும் பட்டாளத்தில் டிரைவர் என்றுதான் பேர். டிரைவர் சடையாண்டி 1944 மார்ச் 27 முதல் ஓடிப்போனவர் என்று பதிவு செய்யப்பட்டிருக்கிறார், அவர் இருக்கிற இடம் தெரிந்தால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லவேண்டும், என்று நாலே வரி.

"யாரு இது? ஒம் புருசனா?"

"ஆமாங்கய்யா."

"ஓடிப்போனவனுக்கெல்லாம் நான் மனு எழுதுறதில்ல ஆத்தா. மழை விட்டதும் போயிச் சேரு" என்று காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "அவரு ஓடல" என்றாள்.

"சர்க்காரு சொல்லுதே."

"சர்க்காரா அவரு கூடப் பதினாலு மாசம் குடும்பம் நடத்துச்சு? நாந்தானே நடத்துனேன்."

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். மரியசெல்வத்துக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். முன்கோபிகளுக்கு இது ஒரு பலவீனம். எதிர்த்து நிற்கிற ஆளைக் கண்டால் உள்ளூரப் பிடித்துப்போகும். ஒரு பலகையை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார்.

அவள் சொன்னாள். சடையாண்டி பாரவண்டி ஓட்டியவர். மாட்டின் மேல் கம்பு படாது. அதனால் எந்தச் சந்தைக்கும் அவர் வண்டிதான் கடைசி. "ஓடுறதாவது! அந்த மனுசன் மழைக்குக் கூட ஓடமாட்டாருங்கய்யா. நனைஞ்சுக்கிட்டேதான் வருவாரு. நான் வாசல்ல நின்னு கத்துவேன், வெரசா வாங்கன்னு. வந்தபெறகு, மாடு நனையுதுல்ல, நான் மட்டும் ஓடியாந்தா அது என்னா நெனைக்கும்பாரு." நாற்பத்திரண்டில் மழை பொய்த்தது. வண்டிக்கு வேலையில்லை, மாட்டுக்குத் தீவனமில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், மிருகம் மேய்க்கத் தெரிந்தவன் வேண்டும் என்றார்கள். மாட்டை விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். போனவரிடமிருந்து மூன்று கடுதாசி வந்தது, யாரோ தமிழ் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தது. கடைசிக் கடுதாசியில், நாலு கழுதை உருப்படியை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றுக்கு மூக்காயி என்று பேர் வைத்திருக்கிறேன், அதுதான் எட்டி உதைக்கிறது, என்று இருந்ததாம். இதைச் சொன்னபோது மட்டும் அவள் முகம் மலர்ந்தது.

"சரி, இத்தனை வருசம் சும்மா இருந்துட்டு இப்ப என்னா திடீர்னு?" என்றார் மரியசெல்வம்.

அவள் ஈர முந்தியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். போன புதன்கிழமை ஒரு கல்யாண வீடு. குங்குமத் தட்டோடு வந்தவள் மூக்காயிக்கு முன்னால் நின்று, திரும்பிப் பார்த்து, நிறைந்த சபையில் சத்தமாகக் கேட்டிருக்கிறாள்: "இவளுக்குக் குடுக்கவா, வேணாமா?" ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. கொடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. பர்மாக்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று கொஞ்சம் பேர், செத்துத்தான் போயிருப்பான் என்று கொஞ்சம் பேர். ஆனால் ஓடிப்போனான் என்பதில் மட்டும் ஊரே ஒரு பேச்சு.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாமுங்கய்யா. அவரு ஓடலன்னு அதே சர்க்காரு இன்னொரு காயிதம் எழுதித் தரணும். அம்புட்டுத்தான்."

மரியசெல்வம் மனு அடித்தார். நம்பிக்கையோடு அடித்தார் என்று சொன்னால் பொய். ஓடிப்போனவன் பெண்டாட்டி ஓடவில்லை என்றுதான் சொல்லுவாள், இதற்கு எவன் பதில் போடுவான் என்றுதான் நினைத்தார். ஆனாலும் பதிவைச் சரிபார்க்கவேண்டும், எந்த ஆதாரத்தின் பேரில் ஓடிப்போனவர் என்று எழுதினீர்கள் என்பதைத் தெரிவிக்கவேண்டும், என்று கறாராகவே கேட்டு, வடக்கே இருந்த பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை தவறாமல் அவள் வந்தாள். "வந்துச்சாய்யா?" "வரல ஆத்தா." "சரிங்கய்யா." இவ்வளவுதான் பேச்சு. வருகிறபோது கூடையில் ஒதுக்கி வைத்த நாலு கத்திரிக்காயை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். மரியசெல்வம் திட்டுவார். அவள் கேட்கமாட்டாள். அவர் வீட்டில் செபாஸ்தியம்மாளுக்குத் திங்கட்கிழமை வெஞ்சனம் என்னவென்று யோசிக்கிற வேலையே இல்லாமல் போயிற்று.

இப்படி எட்டு மாதம். அவளைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற ஆட்கள் வாயிலாக அவருக்குத் தெரியவந்தது. ஒத்தை ஆளாகக் கமலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறவள். புருஷன் பங்கு நிலத்தைக் கொழுந்தன் கேட்டபோது, அவர் வந்து கேக்கட்டும், தாரேன் என்று சொல்லிவிட்டவள். வேறு கல்யாணம் பண்ணிக்கொள் என்று பிறந்த வீட்டார் வந்தபோது அவர்களுக்குச் சோறு போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏற்றிவிட்டவள். "அது ஒரு மாதிரி அழுத்தமான பொம்பளை சார்" என்றான் சாணார்பட்டியிலிருந்து வந்த ஒருவன். அதற்கென்ன, அழுத்தம் இல்லாமல் இந்தச் சர்க்காரோடு மல்லுக்கட்ட முடியுமா என்று மரியசெல்வம் அவன் மேல் பாய்ந்தார்.

ஐம்பத்தேழு ஆனியில் பதில் வந்தது. காலையில் தபால்காரர் கொடுத்துப்போனதை உடனே பிரித்துப் படித்தார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அன்றைக்கு வியாழக்கிழமை. திங்கட்கிழமை வரை அந்தக் காகிதம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. எப்படிச் சொல்வது? கொஞ்சம் மாற்றிச் சொல்லலாமா? அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே! ஞாயிறு பூசையில் கூட இதே யோசனை. ஒரு எழுத்தும் மாற்றிச் சொல்லக்கூடாது, கேட்கிற உரிமை அவளுடையது, என்று கடைசியில் முடிவு பண்ணினார்.

மூக்காயி வந்தாள். பலகையில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். 1944 மார்ச் 27-ஆம் தேதி, மணிப்பூர் மலைப்பாதையில் கம்பெனி பின்வாங்கியபோது, டிரைவர் சடையாண்டி தம் வசமிருந்த நாலு கோவேறு கழுதைகளோடு காணாமற்போனார். ஏப்ரல் 9-ஆம் தேதி, அறுபது மைலுக்கு அப்பால், வேறொரு கம்பெனியின் கழுதைப்பட்டியில் காலைக் கணக்கெடுப்பின்போது நாலு உருப்படி அதிகம் நின்றன. ஆள் யாரும் கூட இல்லை. கழுத்துக்கயிறு எதுவும் இல்லாமல் அவிழ்ந்து திரிந்த நிலையில் இருந்தன. குளம்பில் சுட்டிருந்த எண்களை வைத்துப் பார்த்ததில் டிரைவர் சடையாண்டியின் கழுதைகள் என்று தெரிந்தது. கழுதைகளை வழியில் கைவிட்டு அவர் ஓடிப்போனார் என்று முடிவு செய்யப்பட்டது. அந்த முடிவை மாற்றக் காரணம் எதுவும் இல்லை.

சொல்லி முடித்துவிட்டு, அழப்போகிறாள் என்று எதிர்பார்த்து, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

அவள் அழவில்லை. "செத்த பொறுங்க ஐயா. அந்த எடத்தை இன்னொருக்காப் படிங்க. கயிறு இல்லாமன்னா போட்டிருக்கு?"

"ஆமா. கயிறு இல்லாம."

"நாலுலயுமா?"

"நாலுலயும்தான். ஏன்?"

மூக்காயி எழுந்து நின்றுவிட்டாள். தகரச் சாய்ப்பின் தூணைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவருதான் கொண்டாந்து விட்டிருக்காரு" என்றாள்.

மரியசெல்வத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயோ, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று கூட நினைத்தார். அவள் பொறுமையாகச் சொன்னாள். "ஓடுறவன் கயிறோட விட்டுட்டு ஓடுவான் ஐயா. நின்னு அவுக்க அவனுக்கு எங்க நேரம்? அதுகளா அத்துக்கிட்டு வந்திருந்தா, ஒண்ணு ரெண்டு கழுத்துலயாவது அறுந்த கயிறு தொங்கும். நாலு கழுத்துலயும் ஒண்ணுபோலக் கயிறு இல்லன்னா, ஒரு மனுசன் பக்கத்துல நின்னு நிதானமா அவுத்திருக்கான். உருப்படியக் கைமாத்தி விடுறவன்தான் கயிற அவுப்பான். எங்க ஊருல ஒரு வெள்ளாட்டங்குட்டிய வித்தாக் கூடக் கயிறக் குடுக்கமாட்டாக. வாங்குறவன் அவன் கயிறக் கட்டி இழுத்துட்டுப் போவான். பழைய கயிறு அது வந்த வீட்டுக்கே திரும்பி வந்தறணும். பட்டாளத்துக்குப் போகுமுன்ன எங்க மாட்ட விக்கும்போதும் கயிற அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் வீடு வந்தாரு. பட்டாளத்து உருப்படின்னா மட்டும் கயிறோட குடுப்பாரா? அந்தக் கயிறு அவரு கம்பெனிக் கயிறுல்ல?"

மரியசெல்வம் காகிதத்தை மறுபடி எடுத்து அந்த வரியைப் பார்த்தார். இருபது வருஷம் தோல் ஷாப்பில் இருந்தவர். அவர் கண்ட மாடெல்லாம் உப்புத் தடவி மடித்து வந்தவை, அதில் ஏது கயிறு? ஆனால் அவள் சொல்லச் சொல்ல அவருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. எங்கோ ஒரு மலை. யுத்தம் முதுகில் துரத்துகிறது. பாஷை தெரியாத ஆட்கள். பதிமூன்று நாள் நாலு கோவேறு கழுதைகளை அந்தக் காட்டுக்குள் பத்திரமாக நடத்தி வந்து, சர்க்கார் பட்டி ஒன்றைக் கண்டதும், அதற்குள் விட்டு, ஒவ்வொன்றின் கழுத்திலிருந்தும் கயிற்றை அவிழ்த்து, ஒப்படைத்தாயிற்று என்று நிம்மதியாகத் திரும்புகிற ஒரு மனுஷன். அவிழ்த்த அந்தக் கயிறுதான் அவருக்கு எமனாக வந்தது. கயிறில்லாத கழுதை அவிழ்ந்து திரிந்த கழுதை என்று எழுதிவிட்டார்கள். சாணார்பட்டிக்காரன் ஒருவன் அங்கே இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பானா?

எத்தனை ஆபீசர்கள் பார்த்த காகிதம்! எத்தனை கையெழுத்து, எத்தனை முத்திரை! அவரும்தான் நாலு நாள் அதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார். எழுத்துக்கூட்டத் தெரியாத இந்தப் பெண்பிள்ளை ஒரே வார்த்தையில் உண்மையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாளே! "அடேயப்பா!" என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். சைக்கிள் கடைக்காரர் கையில் டியூப்போடு வந்து நின்று, என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி இதைப் பட்டாளத்துக்குப் புரியவைக்கவேண்டும். அதுதான் பெரும்பாடு. ரெக்கார்டு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மாட்டுச் சந்தை வழக்கம் எங்கே தெரியும்? மரியசெல்வம் ஆறு காகிதத்தைக் கிழித்துப் போட்டார். எழுதினால் கதை மாதிரி இருக்கிறது, ஆதாரம் மாதிரி இல்லை. அடுத்த திங்கட்கிழமை மெஷினைப் பூட்டிவிட்டு மூக்காயியோடு சந்தைக்கே போனார். வடமதுரையிலிருந்து வருகிற மாட்டுத் தரகர் நல்லுசாமி, துண்டுக்கடியில் இன்னொருவர் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார். பேரம் முடிகிற மட்டும் காத்திருந்து விஷயத்தைச் சொன்னார்கள்.

நல்லுசாமி கேட்டுவிட்டு, இவர்கள் விளையாடுகிறார்களோ என்று ஒருமுறை முகத்தைப் பார்த்தார். "கயிற அவுத்துட்டு விட்டா கைமாத்தி விட்டதுன்னு அர்த்தம். இதை ஒருத்தன் எழுதி வேற குடுக்கணுமா? இது கூடத் தெரியாமயா ஐயா அம்புட்டுப் பெரிய சண்டையில ஜெயிச்சாக?" என்றார். பிறகு மூக்காயியைப் பார்த்துத் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார். "ஆத்தா, ஒம் புருசன் ஓடலம்மா. நான் சொல்றேன். எங்க வேணா வந்து சொல்றேன்." அங்கேயே பதினோரு பேர் கூடிவிட்டார்கள். கையெழுத்துத் தெரிந்தவர் இரண்டு பேர், மற்றவர்கள் பெருவிரல் ரேகை. எங்கள் பகுதியில் கால்நடையைக் கைமாற்றும்போது கயிற்றை அவிழ்த்துக்கொள்வதே தலைமுறை தலைமுறையான வழக்கம், என்று மரியசெல்வம் எழுதிப் படித்துக் காட்ட, மை ஒட்டிய விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டே ஆமாம் போட்டார்கள்.

மனு தயாராயிற்று. அந்தக் கழுதைப்பட்டிக்கு அருகிலிருந்த முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அந்த நாட்களில் கையில் நாலு கயிற்றோடு யாராவது வந்தாரா என்று தேடிப் பார்க்கவேண்டும், என்று கடைசிப் பத்தியில் கேட்டிருந்தார். அதை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குச் சுரீரென்று உறைத்தது. விரல் மெஷின் மேலேயே நின்றுவிட்டது. சைக்கிள் கடைக்காரரை டீ குடிக்க அனுப்பினார்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காத." தாழ்ந்த குரலில் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை, வார்த்தை தடுமாறியது. "ஓடிப்போனவருன்னு எழுதியிருக்கிற வரைக்கும், எங்கயோ ஒரு மூலையில உசுரோட இருக்காருன்னு ஒரு எண்ணமாச்சும் இருக்கு. நீ சொல்றது சரின்னு அவுக ஒத்துக்கிட்டா... பெறகு அவரு ஏன் திரும்பி வரலங்குறதுக்கு ஒரே ஒரு காரணம்தான் ஆத்தா மிஞ்சும். அது ஒனக்குப் புரியுதா? வேணாம்னா சொல்லு. இந்தக் காயிதத்த இப்பவே கிழிச்சுப் போட்டுர்றேன்."

மூக்காயி அவரை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கே புரிஞ்சிருச்சுங்கய்யா. கயிறு இல்லன்னு நீங்க படிச்சீகள்ல, அந்த நிமிசமே. கயிற அவுத்தவரு அதைக் கொண்டுபோயிக் கம்பெனியில சேக்காம இருக்கமாட்டாரு. சேக்கலன்னா சேக்கமுடியாமப் போச்சுன்னுதான் அர்த்தம்." கழுத்துச் சரட்டை ஒருமுறை தொட்டாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். "ஓடுனவருன்னு பேரு வாங்கிக் குடுத்து அவரை உசுரோட வச்சிருக்க நான் யாரு? போடுங்க ஐயா. தபால்ல போடுங்க."

மரியசெல்வம் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. கோவிலில் சுவிசேஷம் வாசிக்கிறபோது எழுந்து நிற்கிறவர், வெளியே யாருக்காகவும் எழுந்ததில்லை, தாசில்தாருக்குக் கூட. அன்றைக்குத் தபால் ஆபீசுக்கு அவரே நடந்துபோனார். அவள் பின்னாலேயே வந்து, ரசீது வாங்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, சாணார்பட்டி பஸ்ஸைப் பிடித்தாள்.

பிறகு பதினாலு மாதம். அவளும் வந்துகொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை, தங்கள் மனு கிடைத்தது, விசாரணை நடக்கிறது, என்று ஒரு கார்டு வந்தது. மரியசெல்வத்தின் முன்கோபமெல்லாம் அந்த நாட்களில் தபால்காரர் தலையில்தான் விடிந்தது. நல்லுசாமியும் மாடு பிடிக்க வந்தால், "காயிதம் வந்துச்சா?" என்று ஒரு நடை வந்து கேட்டுவிட்டுப் போவார். அவள் ஊர்க்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு ஊரே அந்தப் பதிலுக்குக் காத்திருந்தது என்று சொல்லலாம்.

ஐம்பத்தெட்டு ஆவணியில், ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு, கெட்டியான உறை ஒன்று வந்தது. மூக்காயி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மரியசெல்வம் பிரித்த அவசரத்தில் உறையின் ஓரம் கோணலாகக் கிழிந்தது. மனதுக்குள் முதலில் படித்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அது முடியவில்லை. சத்தமாகவே படித்துத் தமிழில் சொன்னார்.

தங்கள் மனுவின் பேரில் பழைய பதிவேடுகள் மீண்டும் பார்க்கப்பட்டன. கழுதைகள் கிடைத்த பட்டியிலிருந்து மூன்று மைலில் இருந்த ஒரு போர்க்கள ஆஸ்பத்திரியின் ரிஜிஸ்தரில், 1944 ஏப்ரல் 9-ஆம் தேதி, பெயர் தெரியாத இந்தியக் கழுதை டிரைவர் ஒருவர் வழியில் விழுந்துகிடந்து எடுத்துவரப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. கழுத்தில் அடையாள வில்லை இல்லை. கடும் மலேரியா. அவர் பேசியது அங்கே யாருக்கும் புரியவில்லை. இடது சுண்டுவிரல் பாதி இல்லை. கையில் நாலு கயிறு வைத்திருந்தார், அவற்றை வாங்க முயன்றபோது கொடுக்க மறுத்தார்.

"சுண்டுவெரலு..." என்றாள் மூக்காயி. "வண்டிச் சக்கரத்துல நசுங்குனது."

"பட்டாளத்துல சேக்கும்போது எழுதுன அங்க அடையாளத்துலயும் அதே இருக்காம் ஆத்தா. ஒத்துப்போச்சுன்னு போட்டிருக்காக." மேலே படித்தார். ஏப்ரல் 11-ஆம் தேதி அவர் இறந்தார். ஆகையால் ஓடிப்போனவர் என்ற பதிவு ரத்து செய்யப்படுகிறது. டிரைவர் சடையாண்டி தம் பொறுப்பிலிருந்த உருப்படிகளைப் பத்திரமாகச் சேர்ப்பித்தபின் பணியில் இருக்கையில் உயிர்நீத்தார் என்று பதிவு திருத்தப்படுகிறது.

டைப் அடித்த எழுத்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி. கையெழுத்துப் போட்ட சுபேதார் தன் கையாலேயே எழுதியிருந்தார். பேரைப் பார்த்தால் வடக்கத்திக்காரர். எங்கள் கிராமத்திலும் கயிற்றைக் கொடுப்பதில்லை அம்மா, என்று இருந்தது. மரியசெல்வம் அதையும் தமிழில் சொன்னார். எந்த ஊரோ, எந்த ஜனமோ! ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு மனுஷன் அந்த மனுவைப் படித்ததும் புரிந்துகொண்டு, பழைய ரிஜிஸ்தர்களைப் பதினாலு மாதம் புரட்டியிருக்கிறான். என்ன உலகமடா இது என்று நினைத்தார். அதற்குள் சாய்ப்புக்கு முன்னால் ஆள் சேர்ந்துவிட்டது, கச்சேரிப் பியூன் கூட வந்து நின்றான்.

"ஓடலன்னு இருக்குற எடத்த மட்டும் இன்னொருக்காப் படிங்க" என்றாள் மூக்காயி.

படித்தார்.

"இன்னொருக்கா."

எழுந்து நின்று, கூட்டத்துக்கே கேட்கும்படி படித்தார். அவள் குனிந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"ரைட்டரையா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்" என்றாள். "ஓடமாட்டாருன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். உங்ககிட்டயும் அடிச்சுச் சொன்னேன். ஆனா அந்த மொதக் காயிதம் வந்ததுலருந்து உள்ளுக்குள்ள ஒருநாள் விடாம அவரைத் திட்டி வஞ்சுக்கிட்டேதான் கெடந்தேன். வெதைக்கும்போது வஞ்சேன், தண்ணி எறைக்கும்போது வஞ்சேன். எம்புட்டு வஞ்சிருக்கேன் தெரியுமா! நெசமாவே ஓடியிருந்தா என்னா பண்றதுன்னு ஒரு பயம். கோவம் இருக்குற எடத்துல கண்ணீரு எங்கிட்டு வரும்? ஒரு சொட்டு வரலைய்யா. பாவி, ஒரு சொட்டு அழல நான் அந்த மனுசனுக்கு." அவள் தலையை நிமிர்த்தினாள். "இனிமே அழலாம்ல?"

ஊரில் இருக்கிற எல்லா ஆபீசுக்கும் மனு எழுதியவர் மரியசெல்வம். அவரிடம் வந்து இப்படி ஓர் உத்தரவை யாரும் கேட்டதில்லை.

"அழு ஆத்தா" என்றார்.

அவள் அழுதாள்.